உடைப்பதற்கென்றே ஒரு கணினி: பொறியியல் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொறியியல் படிக்கச் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கணினியில் எல்லாமே பிடித்திருந்தது. ஒரு வாரம் செயற்கை நுண்ணறிவு, அடுத்த வாரம் இணையப் பாதுகாப்பு, அதற்கடுத்த வாரம் மொபைல் செயலி. ஒவ்வொன்றிலும் நாலைந்து வீடியோ பார்ப்பேன், அதில் காட்டியதை அப்படியே தட்டச்சு செய்வேன், ஓடும். அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து “உனக்கு என்னதான் தெரியும்?” என்று ஒருவர் கேட்டபோது வெறும் பெயர்களை அடுக்கிவிட்டு நின்றேன்.

ஆர்வம் நிறைய இருந்தது; அது கால் ஊன்ற ஓர் இடம் இல்லை. அந்த இடம் தற்செயலாகத்தான் கிடைத்தது. திரையின் மூலையில் விரிசல் விழுந்து, யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு பழைய மடிக்கணினி. கெட்டுப்போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற ஒரே தைரியத்தில் அதில் எதையெதையோ செய்து பார்த்தேன். எட்டு முறையாவது அதை முழுதாகக் கெடுத்து மறுபடி எழுப்பியிருப்பேன். நான்கு வருடத்தில் கணினியைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி அந்த எட்டு முறைகளில் வந்தது.

அதையே நீங்களும் ஒழுங்கான வரிசையில் செய்து பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. கணினி அறிவியல் பிரிவாக இருக்க வேண்டும் என்றில்லை. மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிகல் எதுவானாலும் சரி. வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு செமஸ்டர் பிடிக்கும்.

முதல் படி: எந்தக் கணினி?

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ஓரங்கட்டி வைத்த பழைய கணினி போதும். மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். பிராசஸர் 64 பிட்டாக இருக்க வேண்டும். நாம் இதில் போடப்போவது லினக்ஸ் என்ற இயங்குதளம்; 32 பிட் இயந்திரங்களுக்கான ஆதரவை அதன் பல வகைகள் நிறுத்திவிட்டன. ராம் 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 2 ஜிபியிலும் ஓட்டலாம், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும்.

மூன்றாவது பேட்டரி. அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ அந்தக் கணினியை இயக்கவே இயக்காதீர்கள். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. தெரிந்தவர் கையால் கழற்றி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்த பிறகு, சார்ஜரை மட்டும் வைத்து ஓடுகிறதா என்று பாருங்கள். பல மாடல்கள் ஓடும்.

தனிக் கணினிக்கு வழியே இல்லையென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியான மென்பொருளில் ஒரு மெய்நிகர்க் கணினியை உருவாக்கிக்கொள்ளலாம். இந்த வழிகாட்டியில் வரும் முக்கால்வாசி வேலைகள் அதில் நடக்கும். ஆனாலும் நான் அதை இரண்டாம்பட்சம் என்றுதான் சொல்வேன். கருப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்க, அதன் முன் உட்கார்ந்து திருதிருவென்று விழிப்பது அதில் நடக்காது. பாதிப் படிப்பு அந்த விழிப்பில்தான் இருக்கிறது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் அசைன்மென்டும் இருக்கும் உங்கள் அன்றாடக் கணினியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இரண்டு இயங்குதளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் பயம் வந்துவிடும். பயந்துகொண்டே தொட்டால் எதையும் திறந்து பார்க்க மாட்டீர்கள்.

கூடவே ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காகித நோட்டு, ஏனென்றால் கணினி எழாத நாளிலும் அது திறக்கும். ஒவ்வொரு முறை ஏதாவது கெடும்போதும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. நடுவில் உள்ள வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கணினியைப் பற்றி நமக்குள் இருக்கும் தப்பான கணிப்பு எழுத்தில் மாட்டுவது அந்த வரியில்தான்.

இரண்டாம் படி: லினக்ஸ் போடுவது

எந்த லினக்ஸ் வகை என்று தேர்ந்தெடுக்கவே இரண்டு வாரம் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். டெபியன் அல்லது லினக்ஸ் மின்ட், இரண்டில் ஒன்றை எடுங்கள். இயந்திரம் மெதுவானது என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். மேலே விவாதம் வேண்டாம்.

நிறுவல் கோப்பைத் தரவிறக்கியதும் அதன் ஷா-256 எண்ணைச் சரிபாருங்கள். தரவிறக்கப் பக்கத்திலேயே 64 எழுத்து நீளத்துக்கு ஒரு எண் இருக்கும். உங்கள் கோப்பிலிருந்து கணக்கிட்டதும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். நிறுவலின் பாதியில் காரணம் தெரியாமல் நிற்கும் பிரச்சினைகளில் சில, கோப்பு முழுதாக இறங்காததால் வருபவை.

பிறகு ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற கருவியால் அதை யூ.எஸ்.பி. டிரைவில் எழுதுங்கள். சும்மா காப்பி செய்து வைத்தால் பெரும்பாலும் பூட் ஆகாது. கணினியை இயக்கியதும் எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலீட் இவற்றில் ஒன்று பூட் மெனுவுக்குக் கொண்டுபோகும். எது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. அந்த மெனுவுக்குள் போனதும் அவசரப்படாமல் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே ஓடும் இந்தச் சிறு மென்பொருள்தான் வட்டில் எதை முதலில் படிப்பது என்று முடிவு செய்கிறது.

நிறுவும்போது வட்டு முழுவதையும் அழித்துப் பயன்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே யாருடைய பழைய படங்களாவது இருந்தால் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. வைஃபை வேலை செய்யாவிட்டால் கைபேசியை யூ.எஸ்.பி. வயரில் இணைத்து டெதரிங் போட்டால் அநேகமாக இணையம் வந்துவிடும். 2023இல் வந்த டெபியன் 12 முதல், வைஃபை சிப்புகளை இயக்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளும் நிறுவல் கோப்போடேயே வருவதால் இந்தத் தலைவலி இப்போது குறைவு.

மூன்றாம் படி: டெர்மினலில் குடியேறுவது

கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியோடு பேசும் சாளரம்தான் டெர்மினல். முதல் மூன்று வாரம் இங்கேதான். எல்.எஸ்., சி.டி., சி.பி., எம்.வி., லெஸ், கிரெப் என்று ஒரு பத்துக் கட்டளைகள் விரலில் பழகட்டும். மனப்பாடம் வேண்டாம். எந்தக் கட்டளைக்கும் முன்னால் ‘மேன்’ என்று சேர்த்து அடித்தால் அதன் கையேடு திறக்கும். கியூ அழுத்தினால் மூடும். கையேட்டின் நடை முதலில் வறண்டுதான் இருக்கும். பத்து கையேடு படித்த பிறகு பதினொன்றாவது எளிதாகிவிடும், ஏனென்றால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை.

முதல் பயிற்சி: இதுவரை நீங்கள் அடித்த கட்டளைகளில் எது அதிகம் என்று கண்டுபிடியுங்கள். ஹிஸ்டரி கட்டளை எல்லாவற்றையும் பட்டியலிடும். அதிலிருந்து கட்டளைப் பெயரை மட்டும் வெட்டி எடுத்து, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குள் அனுப்பி, யூனிக் என்ற கட்டளையில் எண்ணி, மறுபடி சார்ட்டில் இறங்கு வரிசையாக்க வேண்டும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குள் விடும் அந்தச் செங்குத்துக் கோட்டுக்குப் பெயர் பைப். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் வருடக்கணக்கில் வற்புறுத்தி, 1973இல் கென் தாம்சன், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்தது. சார்ட் செய்யாமல் நேராக யூனிக்குக்கு அனுப்பினால் எண்ணிக்கை தப்பாக வரும். யூனிக், அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை மட்டும்தான் சேர்த்து எண்ணும். இதை வேண்டுமென்றே ஒரு முறை தப்பாகச் செய்து பாருங்கள்.

அடுத்தது, லினக்ஸில் ஏறத்தாழ எல்லாமே கோப்பு. ப்ராக் என்ற ஃபோல்டருக்குள் போய் சிபியூஇன்ஃபோ என்ற கோப்பைத் திறந்தால் பிராசஸர் விவரம் வரும். அதன் அளவைக் கேட்டால் பூஜ்யம் என்று காட்டும்! வட்டில் அப்படி ஒரு கோப்பே கிடையாது. நீங்கள் திறக்கும் அந்தக் கணத்தில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதித் தருகிறது. டெவ் ஃபோல்டருக்குள் உங்கள் ஹார்ட் டிஸ்க்கே ஒரு கோப்பாக இருக்கும். அதில் எதையாவது எழுதினால் எழுதிவிடும், ஏன் என்று கேட்காது.

இதில் லினக்ஸை உருவாக்கியவரே மாட்டியிருக்கிறார். 1991 ஆகஸ்ட் 25 அன்று ‘சும்மா பொழுதுபோக்குக்கு’ ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்தபோது லைனஸ் டோர்வால்ட்ஸ் 21 வயது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். அவருடைய கணினியில் அப்போது மினிக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. ஒரு நாள் மோடமுக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையை மறந்துபோய் ஹார்ட் டிஸ்க் கோப்புக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி போயே போய்விட்டது. அதைத் திரும்ப நிறுவாமல், தன் சொந்த இயங்குதளத்தையே அன்றாடம் பயன்படுத்தும் அளவுக்கு வளர்ப்பது என்று அவர் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான்.

என் விபத்து அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. ஒரு ஃபோல்டரில் ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வந்துகொண்டே இருந்தது. எரிச்சலில், முழு அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சூடோ போட்டு, அனுமதிகளை மாற்றும் சிமாட் கட்டளையால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுக்கப் பார்த்தேன். ‘இந்த ஃபோல்டர்’ என்பதைக் குறிக்க ஒரு புள்ளியும் சாய்கோடும் அடிக்க வேண்டும். புள்ளி விடுபட்டுவிட்டது. சாய்கோடு மட்டும் இருந்தால் அதற்கு ‘கணினியின் மொத்தக் கோப்பு அமைப்பும்’ என்று பொருள். சில விநாடி கழித்து சுதாரித்து நிறுத்துவதற்குள் முக்கியமான இடங்களைத் தாண்டிப் போயிருந்தது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்த பிறகு, அனுமதி பெற்றுத்தரும் சூடோவே வேலை செய்யவில்லை! எப்படி?

விடை கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. சூடோவும் வட்டில் இருக்கும் சாதாரண நிரல்தான். அதன் அனுமதிகளில் செட்-யூ.ஐ.டி. என்ற ஒரு பிட் கூடுதலாக இருக்கும்: ‘என்னை யார் ஓட்டினாலும் என் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓட்டு’ என்று கெர்னலுக்குச் சொல்லும் குறி. சூடோவின் உரிமையாளர் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. 777 என்று மூன்று இலக்கத்தில் புதிதாக எழுதியபோது அந்தக் கூடுதல் பிட் அழிந்துவிட்டது. அதிகாரத்தை அள்ளிக் கொடுத்ததில் அதிகாரம் பெறும் ஒரே வாசல் அடைபட்டுவிட்டது. இந்த உத்திக்கு, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி காப்புரிமையே வாங்கியிருந்தார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் செட்-யூ.ஐ.டி. வந்த நாளில் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகவே சூடோ அடிக்கும் முன் வரியை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். சாட்பாட் தந்த கட்டளைக்கும் இதே விதிதான். ஏ.ஐ.யிடம் கேட்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நோட்டில் உங்கள் ஊகத்தை எழுதிய பிறகு கேளுங்கள். அப்போதுதான் பதில் உங்கள் ஊகத்தோடு மோதும். ஊகமே இல்லாமல் கேட்டால் பதில் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும்.

நான்காம் படி: இயந்திரத்தை அளந்து பார்ப்பது

இனி சி மொழி. பைத்தான் எளிதுதானே என்று கேட்பீர்கள். அன்றாட வேலைக்கு எளிதுதான். நமக்கு இப்போது வேண்டியது ராமுக்கும் நமக்கும் நடுவில் திரை போடாத ஒரு மொழி. நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜி.சி.சி. கம்பைலரை நிறுவிக்கொள்ளுங்கள்.

பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம் முழு எண்கள் கொண்ட ஓர் அணியை எடுங்கள். ஒவ்வொரு எண்ணும் 4 பைட் என்றால் மொத்தம் 40 கோடி பைட். எல்லா இடத்திலும் ஏதாவது எண்ணை நிரப்பிவிட்டு, ஒரு முறை நிரை நிரையாக (இடமிருந்து வலம்), இன்னொரு முறை நிரல் நிரலாக (மேலிருந்து கீழ்) கூட்டுங்கள். இரண்டுக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியாக அளங்கள். கூட்டுத்தொகையைக் கடைசியில் அச்சிட மறக்க வேண்டாம்; விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் கம்பைலர் கெட்டிக்காரத்தனமாக மொத்தக் கணக்கையும் தூக்கி எறிந்துவிடும்.

கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். ஆனால் நிரல் வழியாகப் போவது பல மடங்கு மெதுவாக இருக்கும். இந்த ஒரு சோதனைக்காகவே இந்தப் படியை எழுதினேன் என்று சொல்லலாம்.

காரணம் இது. பிராசஸர் ராமிலிருந்து ஒற்றை எண்ணை எடுப்பதில்லை. வழக்கமாக 64 பைட் கொண்ட ஒரு துண்டை மொத்தமாக அள்ளித் தன் பக்கத்தில் உள்ள கேஷ் என்ற சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதில் நம் எண்கள் 16 அடங்கும். சி மொழி அணியை நிரை நிரையாக அடுக்கி வைப்பதால், நிரை வழியே போனால் ஒரு தடவை அள்ளியதில் 16 கூட்டல். நிரல் வழியே போனால் அடுத்த எண் 40,000 பைட் தள்ளி இருக்கிறது. அள்ளிய 16இல் ஒன்றைத் தொட்டுவிட்டு மீதியைக் கீழே போட வேண்டியதுதான்.

இந்தத் தூரங்களை மனதில் நிறுத்த ஒரு கணக்கு உண்டு. கேஷில் இருப்பதை எடுக்க ஏறத்தாழ 1 நானோவிநாடி. அதை 1 விநாடியாக நீட்டிக்கொள்ளுங்கள். அப்போது ராமுக்குப் போய்வர நூறு விநாடி. எஸ்.எஸ்.டி.யில் ஒரு முறை படிக்க ஒரு நாளுக்கு மேல். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் சரியான இடத்தைத் தேடிப் படிக்கக் கிட்டத்தட்ட நாலு மாதம். பழைய கணினிக்கு எஸ்.எஸ்.டி. போட்டதும் துள்ளி எழுவது ஏன் என்பதற்கு இதுவே பதில்.

மேட்லாப் பயன்படுத்தும் மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் இதே சோதனையை அதிலும் செய்யுங்கள். முடிவு தலைகீழாக வரும்! மேட்லாபும் ஃபோர்ட்ரானும் அணியை நிரல் நிரலாக அடுக்குபவை.

இரண்டாவது சோதனை சின்னது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 17 இலக்கத்துக்கு அச்சிடுங்கள். 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாத மாதிரி, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதி முடிக்க முடியாது. இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் பத்தில் ஒரு விநாடி கணக்கில் ஓடியது, 0.1இன் மதிப்பை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்த வெட்டுப்பிழை 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. அத்தனை நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். நியூமரிகல் மெத்தட்ஸ் தாளில் பிழை ஆய்வு என்று ஒரு பாடம் வருமே, அதே பிழைதான்.

ஐந்தாம் படி: சொந்தமாக ஒரு சர்வர்

கேட்பவருக்கு வலைப்பக்கத்தை அனுப்பும் நிரல்தான் வலை சர்வர். பைத்தானோடு அப்படிச் சிறியது ஒன்று சேர்ந்தே வருகிறது. ஒற்றை வரியில் ஓடும், 8000ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்புப் புள்ளியில், காத்திருக்கும். முதலில் அதை ஓட்டி, அதே வைஃபையில் இருக்கும் கைபேசியில் மடிக்கணினியின் ஐ.பி. முகவரியை அடித்துத் திறந்து பாருங்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு, நீங்களே ஒன்று எழுதுங்கள். சியிலோ பைத்தானிலோ, நாற்பது ஐம்பது வரி வரும். சாக்கெட் ஒன்றைத் திறந்து, ஒரு போர்ட்டோடு பைண்ட் செய்து, லிஸன் சொல்லிக் காத்திருந்து, வந்த இணைப்பை அக்செப்ட் செய்து, வருவதைப் படித்து, பதிலை எழுதி, மூட வேண்டும்.

இந்தப் பாதையில் நான்கு பள்ளங்கள் உண்டு. எல்லோரும் விழுவார்கள், ஆகவே பெயர் சொல்லியே வைக்கிறேன்.

அதே கணினியில் திறக்கிறது, கைபேசியில் திறக்கவில்லை: 127.0.0.1 முகவரியோடு பைண்ட் செய்திருப்பீர்கள். அது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி. 0.0.0.0 என்று கொடுத்தால் எல்லா வாசலிலும் கேட்கும். அப்படியும் வராவிட்டால் ஃபயர்வாலைப் பாருங்கள்.

பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது: தலைப்பு வரிகளுக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவில் ஒரு காலி வரி இருந்தே ஆக வேண்டும். எச்.டி.டி.பி.யில் அந்தக் காலி வரிதான் ‘தலைப்பு முடிந்தது’ என்பதற்கான அடையாளம்.

ஒரு பக்கத்தைத்தான் கேட்டீர்கள், சர்வருக்கு இரண்டு கோரிக்கை வருகிறது: பேய் இல்லை. டேப்பின் ஓரத்தில் காட்ட ஃபேவிகான் என்ற குட்டிப் படத்தை பிரவுசர் தானாகவே கேட்கும்.

நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் ‘முகவரி பயன்பாட்டில் உள்ளது’ என்கிறது: இதுதான் எனக்குப் பிடித்த பள்ளம். இணைப்பை முதலில் மூடிய தரப்பு, வழியில் தாமதமாக வரக்கூடிய பழைய பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) புதிய இணைப்போடு குழம்பிவிடாமலிருக்கக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். லினக்ஸில் அது 60 விநாடி. சாக்கெட்டில் மறுபயன்பாட்டு அமைப்பை இயக்கிவிட்டால் சரியாகிவிடும். ஆனால் அதற்கு முன் ஒரு முறை அந்த ஒரு நிமிடம் பொறுத்திருந்து, பிறகு தானாகவே ஓடுவதைக் கண்ணால் பாருங்கள்.

ஓடத் தொடங்கியதும் வயர்ஷார்க்கைத் திறந்து, கைபேசிக்கும் சர்வருக்கும் நடுவில் போகும் பாக்கெட்டுகளைப் பாருங்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் புத்தகத்தில் படமாகப் பார்த்த மூன்று கட்டக் கைகுலுக்கல் உங்கள் சர்வரின் பெயரில் வரிசையாக நிற்கும். இதை உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள். கல்லூரி வைஃபையில் அனுமதியில்லாமல் செய்து மாட்டிக்கொண்டால் ‘கற்றுக்கொள்ளத்தான் செய்தேன்’ என்பது செல்லாது. அதேபோல், நீங்களே எழுதிய சர்வரை ரவுட்டர் வழியாக வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

அப்புறம், மூடியை மூடினால் மடிக்கணினி தூங்கிவிடும்; அந்த அமைப்பை மாற்றிவிட்டு ஒரு துண்டுச்சீட்டு ஒட்டிவையுங்கள். உலகின் முதல் வலை சர்வர் ஓடிய நெக்ஸ்ட் கணினியிலும் ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். செர்ன் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயின் கணினி அது.

ஆறாம் படி: கிட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துக் கற்பதைவிடப் பயன்படுத்திக் கற்பதே வேகம். நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்க, 2005இல் கெர்னல் வேலைக்காக டோர்வால்ட்ஸ் எழுதிய கருவி இது. சர்வரை எழுதத் தொடங்கும் நாளிலேயே ஃபோல்டரை கிட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் ஒரு கமிட் (பதிவு), அதோடு ‘ஏன் மாற்றினேன்’ என்று ஒரு வரி. ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கம் அன்றோடு ஒழியும். கடவுச்சொல்லை மட்டும் கமிட்டுக்குள் போடாதீர்கள். பிறகு அழித்தாலும் வரலாற்றில் இருக்கும்.

ஏழாம் படி: உங்கள் துறையை இதோடு கட்டுவது

இந்த இடத்தில் கணினி அறிவியல் மாணவர்களைவிட மற்றவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். உங்களிடம் அளக்க வேண்டிய பொருள் இருக்கிறது: அதிரும் ஒரு தண்டு, சூடேறும் ஒரு சுருள், வளையும் ஒரு உத்திரம். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணு போர்டு ஒன்றை மடிக்கணினியோடு இணைத்து, சென்சார் மதிப்புகளை வாங்கி, நீங்கள் எழுதிய சர்வரில் காட்டுங்கள்.

இணைத்ததும் டெபியனில் அநேகமாக ‘அனுமதி இல்லை’ என்று வரும். 777 பக்கம் போகாதீர்கள்! அந்தப் போர்ட் டெவ் ஃபோல்டரில் ஒரு கோப்பு. அதைத் தொட டயல்-அவுட் என்ற குழுவில் நீங்கள் இருக்க வேண்டும். பெயர் விநோதமாக இருக்கிறதா? சீரியல் போர்ட்டில் மோடம் மாட்டித் தொலைபேசியில் டயல் செய்த காலத்துப் பெயர். டோர்வால்ட்ஸ் தன் வட்டை அழித்துக்கொண்டதும் அந்தக் கால டயலில்தான். குழுவில் உங்களைச் சேர்த்துவிட்டு, ஒரு முறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

ஆர்டுயினோ யூனோ ஆர்3இன் சிப்பில் ராம் வெறும் 2 கிலோபைட். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். ஜிகாபைட்டில் புரண்டுவிட்டு இங்கே வந்தால் ஒவ்வொரு பைட்டும் கண்ணுக்குத் தெரியும். ஒரு பொறி மட்டும் சொல்கிறேன். இதில் சாதாரண முழு எண் 16 பிட்தான், உச்சம் 32,767. ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்பதை அதில் போட்டு வைத்தால், 33ஆவது விநாடியில் நேரம் எதிர்மறையாகிவிடும். முதல் அரை நிமிடம் அருமையாக ஓடி, அதற்குமேல் பைத்தியம் பிடிக்கும் ப்ராஜெக்டுகளில் இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். 1996 ஜூன் 4 அன்று முதல் பயணத்திலேயே ஏரியன் 5 ராக்கெட் ஏறத்தாழ 40 விநாடியில் சிதறியதும் 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்காத மதிப்பைத் திணித்ததால்தான். ஏரியன் 4இல் சரியாக ஓடிய நிரல், வேகம் கூடிய ராக்கெட்டில் உடைந்தது.

எட்டாம் படி: மற்றவர்கள் எழுதியதற்குள் நுழைவது

இத்தனை நாள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியது வேண்டாம். அதன் மூல நிரலை இறக்கி, கம்பைல் செய்து, திரையில் வரும் ஏதாவது ஒரு செய்தியை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் அந்த ஒரு செய்தியை கிரெப் கொண்டு தேடிப் பிடிப்பதிலேயே நிரலின் அமைப்பு பாதி புரிந்துவிடும். அடுத்து ஆவணத்தில் இருக்கும் பிழை ஒன்றைத் திருத்தி அனுப்புங்கள், அல்லது இடைமுகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் விடுபட்ட இரண்டு வரியைச் சேருங்கள். ஏற்கப்படாமல் போகலாம். பராமரிப்பவர்கள் பலர் சம்பளம் இல்லாமல் இரவில் வேலை பார்ப்பவர்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம்.

அவர்களுக்குச் சரியான வழு அறிக்கை, அதாவது நிரலின் பிழையைச் சொல்லும் குறிப்பு, ஒன்று நிரலைவிடப் பெரிய உதவி. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஏதோ வேக அளவீட்டுக்காகத் தன் டெபியன் கணினியைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழைவது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போனதில், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் நூலகத்துக்குள் யாரோ ஒருவர், புனைபெயரில் இரண்டு வருடத்துக்கு மேலாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்து, பின்வாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தது தெரிந்தது. மார்ச் 29 அன்று அவர் அதை வெளியிட்டபோது, பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்குள் அது இன்னும் போய்ச் சேரவில்லை. இவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவர் மனதில் முன்பே இருந்ததால்தான் அந்த அரை விநாடி அவர் கண்ணில் பட்டது.

வழு அறிக்கைக்குத் தனி வடிவம் எதையும் தேட வேண்டாம். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று முதலில் ஒரு வரி. அதன் கீழே: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. திரையில் வந்த செய்தியைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், அப்போதுதான் தேட முடியும். அனுப்புவதற்கு முன், அதே பிழை இன்னொரு முறையும் வருகிறதா என்று அந்தப் பழைய மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.